ஹாட் டாக் வாங்கலையோ... ஹாட் டாக்!

முதல் காரியமாக ஒரு சந்தேகத்தைத் தீர்த்து விடுவோம். அதில் நாய் இல்லை.

இருக்கிறதோ என்று பயந்தவர்கள் நாம் மட்டுமில்லை. அமெரிக்கர்களே பயந்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் ஸாஸேஜையும் கொண்டு வந்தார்கள், கூடவே குட்டைக்கால், நீள உடம்பு டாக்ஸ்ஹுண்ட் நாயையும் கொண்டு வந்தார்கள். இரண்டும் ஒரே ஷேப். தெருவில் ஒரு நாய் காணாமல் போனால் எல்லோருடைய பார்வையும் கசாப்புக்கடைக்காரர் மேல் திரும்பியது. அந்தக் கிண்டலிலிருந்து பிறந்த பெயர்தான் ஹாட் டாக். 1890-களிலேயே யேல் பல்கலைக்கழக மாணவர்கள் ராத்திரி விடுதி வாசலில் நின்ற ஸாஸேஜ் வண்டியை 'டாக் வேகன்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். டாட் டார்கன் என்ற கார்ட்டூனிஸ்ட் பேஸ்பால் மைதானத்தில் ஒரு படம் போட்டு இந்தப் பெயரை வைத்தார் என்று பல புத்தகங்களில் வரும். நல்ல கதை. ஒரே குறை, அந்தக் கார்ட்டூனை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

விஷயம் இதுதான். நீளமான பன், நடுவில் ஒரு பிளவு, பிளவில் ஒரு ஸாஸேஜ், அதன் மேல் அவரவர் ஊர் வழக்கப்படி அலங்காரம். அவ்வளவே! ஆனால் அந்த அலங்காரம் இருக்கிறதே... நம்மூரில் சாம்பாருக்கு வெல்லம் போடலாமா கூடாதா என்று சம்பந்திகள் முறைத்துக் கொள்வார்களே, அதைவிடப் பெரிய சண்டை. அந்தச் சண்டையை நேரில் பார்த்து, ருசித்து, மார்க் போட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

துணைக்கு எடிசன்வாசி ஒருவர். எடிசன் என்பது நியூ ஜெர்ஸியில் இருக்கும் ஊர். பூர்வீகம் மதுரை, பிழைப்பு கம்ப்யூட்டர். ஆடு, கோழி, பன்றி, மீன் எதற்கும் தடையில்லை. மாடு மட்டும் கூடாது; அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். எந்தக் கடைக்குப் போனாலும் மனிதர் கேட்கிற முதல் கேள்வி: "இதுல என்ன மிருகம்?"

மார்க் போடும் முறையைச் சொல்லி விடுகிறேன். மொத்தம் நூறு, பாடம் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் இருபது. ஒன்று, கடிக்கும்போது வரும் சத்தம். நல்ல ஸாஸேஜ் ஆட்டுக்குடல் உறையில் அடைத்தது. கடித்தால் 'டப்'பென்று உடைய வேண்டும். இரண்டு, பன். மூன்று, மேல்சாமான். நான்கு, சட்டைக்குப் பாதுகாப்பு. ஐந்து, பர்ஸுக்குப் பாதுகாப்பு. கடைசி இரண்டும் ஆபீஸ் போகிறவர்களுக்காகவே சேர்த்தது!

நியூயார்க்: தண்ணீருக்குள் தவம்

மன்ஹாட்டனில் எந்தத் தெருமுனையில் திரும்பினாலும் குடை வைத்த தள்ளுவண்டி நிற்கும். உள்ளே வெந்நீர்த் தொட்டி, அதில் ஸாஸேஜ்கள் காலையிலிருந்து முக்குளித்துக் கொண்டிருக்கும். உள்ளூர்க்காரர்கள் இதற்குப் பாசமாக வைத்த பெயர் 'அழுக்குத் தண்ணி டாக்'. கேட்டால் குமட்டும். ஆனால் கோட்டு சூட்டு போட்ட வக்கீலும் கட்டட வேலைக்காரரும் ஒரே க்யூவில் நின்று வாங்குகிறார்கள். மேலே கடுகு சாஸ், புளித்த முட்டைகோஸ், தக்காளிச் சாற்றில் வதக்கிய வெங்காயம். நடந்துகொண்டே நாலு கடியில் முடிந்து விடும்.

சத்தம் 8 (தண்ணீரில் ஊறியது எப்படி டப்பென்று உடையும்?), பன் 9, மேல்சாமான் 12, சட்டை 18, பர்ஸ் 17. கூட்டினால் 64. முதல் வகுப்பு, மயிரிழையில்.

அங்கிருந்து ஸப்வே ரயிலில் ஏறி கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் கோனி ஐலண்ட். கடற்கரை, ராட்டினம், காற்று. நம் மெரீனாவுக்குச் சுண்டல் எப்படியோ, அந்தக் கடற்கரைக்கு ஹாட் டாக் அப்படி. சார்லஸ் ஃபெல்ட்மன் என்ற ஜெர்மன்காரர் 1867 வாக்கில் இங்கே வண்டி தள்ளி விற்க ஆரம்பித்தார். பிறகு பெரிய ஓட்டல் கட்டினார். அந்த ஓட்டலில் ரொட்டி அறுக்கிற வேலைக்குச் சேர்ந்த பையன் நாதன் ஹேண்ட்வெர்க்கர். போலந்திலிருந்து 1912-ல் வந்த ஏழை யூதர். முதலாளி ஹாட் டாக் பத்து சென்ட்டுக்கு விற்றார். நாதன் 300 டாலர் சேர்த்து, 1916-ல் பக்கத்திலேயே கடை போட்டு, ஐந்து சென்ட்டுக்கு விற்றார். மனைவி ஐடாவின் கைப்பக்குவம் மசாலாவில்.

ஆனால் ஜனங்களுக்கு ஒரு சந்தேகம். 'பாதி விலைக்குக் கொடுக்கிறானே, என்னத்தைப் போடுகிறானோ?' அதற்கு நாதன் செய்த தந்திரம் இன்றைக்கும் மார்க்கெட்டிங் வகுப்புகளில் சொல்லப்படுகிறது. வெள்ளைக் கோட்டு போட்ட ஆட்களைக் கடை வாசலில் நிறுத்திச் சாப்பிட வைத்தாராம். 'டாக்டரே சாப்பிடறாரப்பா!' என்று கூட்டம் சேர்ந்ததாம். பிறகு ரயில் பாதை கோனி ஐலண்ட் வரை வந்தது. அதற்கும் டிக்கெட் ஐந்து சென்ட். ஐந்தில் போய், ஐந்தில் தின்று, ஐந்தில் திரும்பினார்கள் நியூயார்க் தொழிலாளர்கள். ஃபெல்ட்மன் கடை மூடி வெகு காலமாயிற்று. நாதன் கடை அதே மூலையில் நிற்கிறது.

வருஷாவருஷம் ஜூலை 4 அன்று அங்கே தின்னும் போட்டி. 2001-ல் டக்கேரு கோபயாஷி என்ற ஒல்லி ஜப்பான்காரர் வந்து பன்னிரண்டு நிமிஷத்தில் 50 ஹாட் டாக் தின்றார். அதற்கு முந்தைய ரிக்கார்டு 25-ஐ ஒட்டி! ஸ்கோர் போர்டில் நம்பர் அட்டை தீர்ந்து போய்க் கையால் எழுத வேண்டி வந்தது. ஸாஸேஜை இரண்டாக ஒடித்து, பன்னைத் தண்ணீரில் முக்கி விழுங்குவது அவர் டெக்னிக். அப்புறம் வந்தார் கலிஃபோர்னியாவின் ஜோயி செஸ்ட்நட். 2021-ல் பத்தே நிமிஷத்தில் 76. நம்மூர் பரோட்டா போட்டிக்காரர்கள் கவனிக்க! முதல் போட்டி 1916-லேயே நடந்தது, நாலு குடியேறிகள் யாருக்கு தேசபக்தி அதிகம் என்று பந்தயம் கட்டினார்கள் என்று கடைக்காரர்கள் ரொம்ப நாள் சொல்லிக் கொண்டிருந்தார்கள். 'அது நாங்கள் விட்ட ரீல்' என்று விளம்பரக்காரர் மார்ட்டிமர் மாட்ஸ் 2010-ல் ஒப்புக் கொண்டார்.

நாதன் ஹாட் டாக்குக்கு என் மார்க்: சத்தம் 18, பன் 14, மேல்சாமான் 11, சட்டை 17, பர்ஸ் 9. மொத்தம் 69. ஐந்து சென்ட் காலமெல்லாம் மலையேறி விட்டது ஸார்.

"இதுல என்ன மிருகம்?" என்றார் எடிசன்வாசி.

"நூறு பர்ஸென்ட் மாடு" என்று பெருமையாகச் சொன்னார் கவுண்ட்டர்க்காரர்.

எடிசன்வாசி உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக் கொண்டார்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பெயர்பெற்ற ஹாட் டாக்கெல்லாம் ஏன் சுத்தமான மாடு? பல ஊர்களில் அதைச் செய்து விற்றவர்கள் யூதர்கள். யூதர்களுக்குப் பன்றி ஆகாது. அதனால் பன்றியை எடுத்து விட்டு மாட்டை வைத்தார்கள். அதுவே தரத்துக்கு அடையாளமாகி விட்டது. ஒருத்தர் ஆசாரம், அடுத்தவருக்கு ஏகாதசி!

டெட்ராய்ட்: சுவருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

கார் நகரமான டெட்ராய்ட்டில் ஹாட் டாக்குக்குப் பெயர் 'கோனி'. கோனி ஐலண்ட் இருப்பது நியூயார்க்கில். அங்கே யாரும் அதைக் கோனி என்று சொல்வதில்லை. நம்மூரில் மைசூர் போண்டாவுக்கு மைசூர் எவ்வளவு உறவோ, அவ்வளவு.

இதைக் கொண்டு வந்தவர்கள் கிரேக்கர்கள். 1917-ல் கஸ் கெரோஸ் என்பவர் 'அமெரிக்கன் கோனி ஐலண்ட்' ஆரம்பித்தார். அதன் பக்கத்துக் கடை 'லஃபாயெட் கோனி ஐலண்ட்'. அது அவர் சகோதரருடையது. அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரிவினை என்றால் நம்மூரில் நடுவில் சுவர் எழுப்புவோமே, அதேதான். இரண்டு கடையும் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. டெட்ராய்ட்காரர் ஒவ்வொருவரும் ஒரு கட்சி. லஃபாயெட் ஆள் அமெரிக்கனுக்குள் கால் வைக்க மாட்டார், அந்தக் கடை ஆள் இங்கே எட்டிப் பார்க்க மாட்டார். பெண் எடுக்கும்போது இதையும் விசாரிக்கிறார்களா தெரியாது.

பன் மேல் ஸாஸேஜ், அதன் மேல் பயறு போடாத கொத்துக்கறி சாஸ், கடுகு, கைநிறைய நறுக்கிய பச்சை வெங்காயம். சர்வர் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தட்டு அடுக்கிக்கொண்டு வருகிற அழகைப் பார்த்தால் நம் ஓட்டல்கள் ஞாபகம் வரும். நான் இரண்டு கடையிலும் சாப்பிட்டேன். எது உசத்தி என்று கேட்காதீர்கள், திரும்ப டெட்ராய்ட் போக வேண்டியிருக்கும்.

சத்தம் 18, பன் 15, மேல்சாமான் 17, சட்டை 5, பர்ஸ் 16. ஆக 71. சட்டை மார்க்கில்தான் ரேங்க் போயிற்று. ஆபீஸ் மீட்டிங்குக்கு முன்னால் இதைத் தொடாதீர்கள்.

சிகாகோ: தக்காளி சாஸ் கேட்டால் தகராறு

சிகாகோக்காரர்கள் இதை 'தோட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போன ஹாட் டாக்' என்பார்கள். கசகசா தூவிய பன். ஆவியில் வெந்த மாட்டு ஸாஸேஜ். மேலே மஞ்சள் கடுகு, ரேடியம் மாதிரி மின்னும் பச்சை ரெலிஷ், வெங்காயம், தக்காளித் துண்டு, முழு நீள வெள்ளரி ஊறுகாய், குட்டி ஊசி மிளகாய், ஸெலரி உப்பு. எண்ணினால் ஏழு. வரிசை கூட மாறக் கூடாது என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எமில் ரைக்கல், ஸாமுவேல் லடனி என்ற இரண்டு பேர் ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்து வந்து 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஸாஸேஜ் விற்றார்கள். விவேகானந்தர் பேசினாரே, அதே கண்காட்சி வருஷம், அதே ஊர்! அதிலிருந்து பிறந்தது வியன்னா பீஃப் கம்பெனி. 1930-களின் பஞ்ச காலத்தில் காசில்லாத ஜனங்களுக்கு ஐந்து சென்ட்டில் ஒருவேளை வயிறு நிறைய வேண்டும் என்று காய்கறி மேல் காய்கறியாக அடுக்கினார்கள். ஏழு சாமானுக்குப் பின்னால் இருப்பது பசி.

இதில் கெச்சப் மட்டும் போடவே கூடாது. போட்டால் ஊர்விலக்கு. பல கடைகளில் போர்டே தொங்கும். 2016-ல் ஹனோயில் டி.வி. சமையல்காரர் ஆண்டனி போர்டெய்னோடு பேசும்போது, எட்டு வயதுக்கு மேல் ஹாட் டாக்கில் கெச்சப் கூடாது என்று தீர்ப்பே சொல்லி விட்டார் ஒபாமா. சிகாகோ ஆளாச்சே! 'தேசிய ஹாட் டாக் மற்றும் ஸாஸேஜ் கவுன்சில்' என்று நிஜமாகவே ஓர் அமைப்பு இருக்கிறது. அது கொஞ்சம் தாராளம், பதினெட்டு வயது வரை அனுமதிக்கிறது. ஹைன்ஸ் கம்பெனி 2017-ல் இதே கெச்சப்பை 'சிகாகோ டாக் ஸாஸ்' என்று லேபிள் மாற்றி விற்றுப் பார்த்தது. சிகாகோ சிரித்ததே தவிர, மனம் மாறவில்லை.

எடிசன்வாசிக்கு இங்கே ஒரு யோசனை தோன்றியது. "ஸாஸேஜை எடுத்திட்டு மத்த ஏழையும் போட்டுக் குடுங்க" என்றார். கடைக்காரர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் செய்து கொடுத்தார். ஒரு கடி கடித்து விட்டு எடிசன்வாசி சொன்னது: "அண்ணே, இதுதான்ணே டாப்பு. மிளகாய், ஊறுகாய், வெங்காயம்... தயிர் சாதம்தான் இல்லை!"

சத்தம் 16, பன் 17, மேல்சாமான் 19, சட்டை 8, பர்ஸ் 15. மொத்தம் 75.

டூசான்: பாலைவனத்துப் பரிசு

அரிஸோனா மாநிலத்தில், மெக்ஸிகோ எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது டூசான். வெயில் நம் வேலூர் வெயில். இங்கே கிடைப்பது ஸொனோரா டாக். ஸொனோரா, எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள மெக்ஸிகோ மாநிலம். அமெரிக்க ஹாட் டாக் எல்லை தாண்டிப் போய், மெக்ஸிகோ மாப்பிள்ளையாகி, திரும்பி வந்திருக்கிறது. ஸாஸேஜைச் சுற்றிப் பன்றி பேகன் சுற்றி மொறுமொறுவென்று வாட்டி, படகு மாதிரி இருக்கும் மெத்தென்ற பொலியோ பன்னுக்குள் வைத்து, வேகவைத்த பயறு, தக்காளி, வெங்காயம், கடுகு, மயோனேஸ், பச்சை மிளகாய்ச் சட்டினி. பன் இரண்டு முனையிலும் மூடியிருப்பதால் சரக்கு கீழே விழாது. எந்த இன்ஜினீயரின் மூளையோ!

டேனியல் கொன்ட்ரேராஸ் என்பவர் 1993-ல் டூசானில் சின்ன வண்டி ஒன்றை வைத்து ஆரம்பித்த கடை 'எல் குவேரோ கனேலோ'. 2018-ல் அதற்கு ஜேம்ஸ் பியர்ட் அமைப்பின் 'அமெரிக்காவின் க்ளாஸிக்' விருது. சமையல் உலகத்தில் அது ஏறத்தாழ ஆஸ்கர். வெள்ளைத் துணி விரித்த ஓட்டல்களோடு வண்டியில் ஆரம்பித்த ஹாட் டாக்கும் மேடை ஏறியது.

சத்தம் 14, பன் 19, மேல்சாமான் 18, சட்டை 9, பர்ஸ் 17. மொத்தம் 77. இதுவரை முதல் ரேங்க்!

லாஸ் ஏஞ்சலீஸ்: நட்சத்திரமும் தெருவும்

ஹாலிவுட்டில் பிங்க்ஸ். 1939-ல் பால் பிங்க், பெட்டி பிங்க் தம்பதி கடன் வாங்கிய 50 டாலரில் தள்ளுவண்டி போட்டு, பத்து சென்ட்டுக்குச் சில்லி டாக் விற்றார்கள். இன்றைக்குச் சுவரெங்கும் நடிகர் போட்டோ, வாசலில் நீளமான க்யூ. சத்தம் 17, பன் 13, மேல்சாமான் 16, சட்டை 4, பர்ஸ் 11: மொத்தம் 61. க்யூவில் நின்றதற்கு மார்க் கழிக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

ஆனால் அந்த ஊரின் நிஜமான ஹாட் டாக் ராத்திரி பதினோரு மணிக்குத் தெருவில்தான். மாட்ச் முடிந்து ஸ்டேடியத்திலிருந்து வெளியே வந்தால் மூக்கைத் துளைக்கும் பேகன் வாசனை. தட்டையான இரும்பு டிரேயில் ஸாஸேஜ், வெங்காயம், குடமிளகாய் எல்லாம் சுர்ரென்று பொரியும். விற்கிறவர் பெரும்பாலும் மெக்ஸிகோ அல்லது மத்திய அமெரிக்க அம்மாள். ஒரு கண் டிரேயில், ஒரு கண் போலீஸ் வருகிறதா என்று தெருமுனையில்.

இனிமேல் கொஞ்சம் சிரிப்பை ஓரம் வைப்போம்.

அமெரிக்காவில் தெருவில் விற்பது லேசான காரியமில்லை. லாஸ் ஏஞ்சலீஸில் வெகு காலம் நடைபாதை வியாபாரமே குற்றம். பிடித்தால் அபராதம், வண்டி பறிமுதல். 2018-ல்தான் கலிஃபோர்னியா அரசு அதைக் கிரிமினல் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிச் சட்டம் போட்டது. அதற்கு முந்தைய வருஷம், 2017 செப்டம்பரில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாட்ச் நாளன்று லைசென்ஸ் இல்லாமல் ஹாட் டாக் விற்றவரின் பர்ஸைத் திறந்து ஒரு போலீஸ்காரர் பணத்தை உருவினார். அதை ஒருவர் வீடியோ எடுத்துப் போட, நாடே கொதித்தது. முன்பின் தெரியாத ஜனங்கள் அந்த வியாபாரிக்காக 80,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள்.

நியூயார்க்கில் வேறு மாதிரி. அங்கே 1980-களிலிருந்து வண்டி பெர்மிட்டுக்கு உச்சவரம்பு. பெர்மிட் வைத்திருப்பவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். வெயிலிலும் பனியிலும் நிற்கிறவர் அவருக்கு ஆயிரக்கணக்கான டாலர் கறுப்பு வாடகை கட்டுவார். நம்மூர் ஆட்டோ பெர்மிட் கதை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2021-ல் நகர மன்றம் விழித்துக்கொண்டு, பத்து வருஷத்தில் ஏறத்தாழ 4,000 புது லைசென்ஸ் கொடுப்பதாகச் சட்டம் செய்தது. பூங்கா ஓரத்து இடங்களுக்கோ ஏலம். ஸென்ட்ரல் பார்க் மிருகக்காட்சி சாலைப் பக்கம் ஒரே ஒரு வண்டி நிற்கிற இடத்துக்கு 2013-ல் வருஷ வாடகை 2,89,500 டாலர்! அத்தனையும் சில டாலர் ஹாட் டாக் விற்று எடுக்க வேண்டும்.

வண்டிக்குப் பின்னால் நிற்கும் முகங்களைப் பாருங்கள். முதலில் ஜெர்மன்காரர். அப்புறம் போலந்து யூதர். அப்புறம் கிரேக்கர். அப்புறம் மெக்ஸிகோக்காரர். இன்றைக்கு நியூயார்க்கில் எகிப்துக்காரரும் வங்கதேசத்துக்காரரும். யார் கடைசியாக வந்து இறங்கினார்களோ, அவர்கள் கையில்தான் இடுக்கி. பாஷை வராவிட்டாலும், டிகிரி செல்லாவிட்டாலும், ஒரு வண்டியும் வெந்நீரும் இருந்தால் அடுப்பெரிகிறது. பிள்ளை படித்து ஆபீஸுக்குப் போகிறான். வண்டி அடுத்து வந்தவர் கைக்குப் போகிறது.

அந்த வரிசையில் நம் ஆளும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து போன திரு குமார், வாஷிங்டன் ஸ்கொயர் பூங்கா ஓரம் தள்ளுவண்டி போட்டு, ஹாட் டாக் ஊரில் தோசை வார்த்தார். சுத்த சைவம். 2007-ல் நியூயார்க் தெருச் சாப்பாட்டுக்காரர்களுக்கான வெண்டி விருதைத் தட்டிக்கொண்டு வந்தார். எடிசன்வாசி அவர் தோசையை அந்தக் காலத்தில் சாப்பிட்டிருக்கிறாராம். "அங்க மட்டும்தாண்ணே மிருகம் எதுன்னு கேக்கலை!"

ஒன்றரை டாலர் அதிசயம்

மார்க் ஷீட்டில் இன்னும் ஒரு பெயர் பாக்கி. காஸ்ட்கோ. மளிகை, டி.வி., டயர் எல்லாம் மொத்தமாக விற்கும் பிரம்மாண்டக் கிடங்கு. வாசலில் ஹாட் டாக்கும் ஒரு கப் குளிர்பானமும் சேர்த்து ஒன்றரை டாலர். 1985-லும் ஒன்றரை டாலர், இன்றைக்கும் ஒன்றரை டாலர். 'இதில் நஷ்டம் வருகிறது, விலையை ஏற்றலாமா?' என்று கம்பெனித் தலைவர் க்ரெய்க் ஜெலினெக், நிறுவனர் ஜிம் ஸினெகலிடம் ஒருமுறை கேட்டாராம். 'ஏற்றினால் உன்னைக் கொன்று விடுவேன்' என்று பதில் வந்ததாம். பிறகென்ன, சொந்தமாகவே ஸாஸேஜ் தயாரித்துச் செலவைக் குறைத்தார்கள். உலகத்தில் எல்லா முதலாளிகளும் இப்படி மிரட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சத்தம் 10, பன் 12, மேல்சாமான் 8, சட்டை 17, பர்ஸ் முழுசாக 20. மொத்தம் 67.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை

ஆன்-ஸைட் என்று கம்பெனி அனுப்பி வைக்கிற தம்பிகளே, கேளுங்கள்.

என்ன மிருகம் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். கடையில் வாங்கும் பாக்கெட்டில் எந்த இறைச்சி என்பதை லேபிளில் போட்டாக வேண்டும், அது அமெரிக்கச் சட்டம். 'பை-ப்ராடக்ட்' என்று இருந்தால் ஈரல், இதயம் வகையறாவும் உள்ளே உண்டு. கொழுப்பு 30 சதவீதம் வரை இருக்கலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது. கோழி, வான்கோழி, சுத்த சைவ ஸாஸேஜ் எல்லாமே கிடைக்கும்.

1906-ல் அப்டன் ஸிங்க்ளேர், சிகாகோ கசாப்புத் தொழிற்சாலைகளின் லட்சணத்தை நாவலாக எழுத, படித்த ஜனங்கள் வாந்தியெடுக்காத குறை. அதே வருஷம் இறைச்சி ஆய்வுச் சட்டம் வந்தது. ஆகவே சுத்தத்தைப் பற்றி அந்தக் காலப் பயம் வேண்டாம். ஆனால் அளவைப் பற்றிப் பயம் வேண்டும். 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. தினம் 50 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு ஹாட் டாக், குடல் புற்றுநோய் அபாயத்தை 18 சதவீதம் கூட்டுகிறது என்பது கணக்கு. எப்போதாவது ஒன்று, சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். சமைக்கச் சோம்பல்பட்டு ஃப்ரிஜ்ஜில் பாக்கெட் பாக்கெட்டாக அடுக்கி, தினம் ராத்திரி மைக்ரோவேவில் சுட வைப்பதுதான் வேண்டாம். கல்யாணம் ஆகாத பையன்கள் அறையில் அது ஒரு வியாதியாகவே இருக்கிறது என்கிறார் எடிசன்வாசி.

சின்னக் குழந்தைகளுக்கு முழுசாகக் கொடுக்கவே கூடாது. அந்த உருளை வடிவம் தொண்டையை அடைத்து விடும். நீளவாக்கில் கீறி, பிறகு பொடியாக நறுக்கிக் கொடுக்க வேண்டும்.

கையால் சாப்பிடுங்கள். கத்தி, முள்கரண்டி கேட்டால் சிரிப்பார்கள். 1939 ஜூன் 11 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கு விருந்தில் ஹாட் டாக் பரிமாறினார். மன்னர் இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று பேப்பர்கள் எழுதின. ராஜாவே கேட்கும்போது நமக்கென்ன கூச்சம்?

ரிஸல்ட்: முதல் ரேங்க் டூசான் 77, இரண்டாவது சிகாகோ 75, மூன்றாவது டெட்ராய்ட் 71. பிறகு கோனி ஐலண்ட் 69, காஸ்ட்கோ 67, நியூயார்க் வண்டி 64, பிங்க்ஸ் 61. அனைவரும் பாஸ்.

எடிசன்வாசி மட்டும் இந்த ரிஸல்ட்டை ஏற்கவில்லை. ரீ-டோட்டலிங் கேட்கிறார். அவரைப் பொறுத்தவரை ஸாஸேஜ் இல்லாத சிகாகோதான் ஸ்டேட் ஃபர்ஸ்ட்!